குளிர்காலம் இல்லாத ஊருக்குக் குளிர்கால எண்ணெய்

கட்டைபறிச்சானில் குளிர் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டானால், அது மார்கழிக் கடைசியிலும் தைத் தொடக்கத்திலும் விடியற்காலையில் வந்து, சூரியன் பனை உயரத்துக்கு ஏறுமுன்னே விடைபெற்றுப் போய்விடும். வாடைக் காற்று கொட்டியாரக் குடாவின் நீரைத் தடவிக்கொண்டு கரையேறும் அந்நாட்களில் முதியோர் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொள்வர். தேங்காயெண்ணெய்ப் போத்தலின் அடியில் வெண்மை படியும். அவ்வளவுதான். வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனியும் ஆடியும் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினாலோ நண்பகலில் 35 பாகையைத் தாண்டிவிடுவதும் உண்டு.

இத்தகைய ஊரில், ஒரு மோட்டார்க் காருக்குக் குளிர்கால எண்ணெய் ஊற்றலாமா என்றொரு வழக்கு 2023ஆம் ஆண்டு ஒரு குடும்பத்தில் எழுந்தது. அது தந்தைக்கும் மகனுக்குமிடையே மூன்று நாட் பேச்சின்மையை உண்டாக்கி, கடைசியில் மத்தியஸ்தத்துக்காக என்னிடம் வந்து சேர்ந்தது. பௌதிகம் கற்பிப்பவன் என்பதைத் தவிர இவ்விஷயத்தில் எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. ஆயினும் பௌதிகம் உதவவே செய்தது.

கார், 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு மொறிஸ் மைனர். அதன் சொந்தக்காரர் எழுபத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலே கடமையாற்றிய காலத்தில் வாங்கிய வண்டி அது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, அங்கிருந்த ஏராளமான வண்டிகளைப் போல இதுவும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. அக்கால யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். புகையும் மணமும் ஒழுங்கையெங்கும் நிறைந்துவிடும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அமுக்கம் தாங்காது. நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சினை 'டொக் டொக்' என்று தட்டச் செய்யும். அதனால் ஒரு மெக்கானிக், எஞ்சினின் தலைக்குக் கீழே ஒரு கஸ்கெற்றுக்கு இரண்டாக வைத்து அமுக்கத்தைக் குறைத்துக் கொடுத்தாராம். இது புதுமையான யுக்தியன்று. 1949இல் வந்த ஒருவகைப் பேர்குசன் உழவு இயந்திரம் இங்கிலாந்திலேயே பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடியது. அதன் எஞ்சினும் குறைந்த அமுக்கத்துக்கென்றே அமைக்கப்பட்டிருந்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் அந்தக் கார் திருகோணமலைக்கு வந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் வண்டியை ஏற்றிக் கடக்கும் தொல்லை ஒழிந்தபின், கட்டைபறிச்சானுக்கும் வந்து சேர்ந்தது. இடையில் பல வருடங்கள் ஒழுங்காகப் பெற்றோலிலேதான் ஓடியது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில், ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. பெரியவர் பரணில் ஏறிப் பழைய சிறு தாங்கியையும் குழாயையும் இறக்கினார். ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெயும் 340 ரூபாவாயிற்று. ஆனால் அதற்குள் வழக்கம் திரும்பிவிட்டது. பழகிய கை விடுமா?

இனி மகனுடைய கதைக்கு வருவோம். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். தம் காரைத் தாமே பராமரிப்பவர். 2023 ஆடியில் விடுமுறைக்கு வந்தவர், தந்தையாரின் வண்டியைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் கரிபோலக் கறுத்திருந்தது. அதை வடித்துவிட்டு, திருகோணமலையிற் கிடைத்தவற்றுள் விலை கூடிய ரின்னை வாங்கி ஊற்றினார். அது '0 டபிள்யூ 20' என்ற தரம். கனடாவில் அவர் கார் அதைத்தான் குடிக்கிறது. குறைவான பொருளைத் தகப்பனாருக்கு வாங்குவாரா?

இரண்டு நாள் கழித்துத் தாயாரைக் கண் வைத்தியத்துக்காகத் திருகோணமலை ஆசுபத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். திரும்பி வரும்போது நண்பகல். கிண்ணியாவில் ஒரு பஸ்ஸின் பின்னே நெடுநேரம் நிற்க நேர்ந்தது. அப்போது எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிறு விளக்கு மினுங்கத் தொடங்கியது. பின்னர் நிலையாகவே எரிந்தது. "நிற்பாட்டு தம்பி, உடனே நிற்பாட்டு!" என்று பெரியவர் சத்தமிட்டார். ஒரு கண்ணில் மருந்து விட்டுக் கட்டிய தாயார், தெருவோர வேப்ப மரத்தின் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, பின்பு முச்சக்கர வண்டியில் வீடு சேர்ந்தார். பெரியவர் அந்த வார்த்தைக்குப் பிறகு மகனுடன் பேசவில்லை.

அந்த விளக்கு ஏன் எரிந்தது? மோட்டார் எஞ்சினின் உள்ளே சுழலும் பெருந்தண்டு, தன்னைத் தாங்கும் பெயறிங் தகடுகளைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே தலைமயிரிலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. மூதூர்த் துறையிலிருந்து புறப்படும் கண்ணாடியிழைப் படகை நோக்குங்கள். வேகம் எடுத்ததும் அணியம் நீருக்குமேல் எழும்பும். வேகம் தணிந்ததும் அமிழும். தண்டின் கதையும் அதுவே. வேகமாகச் சுழன்றால் படலம் தடிக்கும். மெதுவாகச் சுழன்றால் மெலியும். எண்ணெய் பாகாக இருந்தால் தாங்கும். நீராளமாக இருந்தால் இடைவெளி வழியே ஓடிவிடும். வயது முதிர்ந்த எஞ்சினில் அந்த இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் பழைய எஞ்சின், ஆடி மாதத்து உச்சிவெயில், மெல்லிய எண்ணெய் ஆகிய மூன்றும் கூடிய வேளையில் அமுக்கம் விழுந்துவிட்டது. பெரியவர் நிறுத்தச் சொல்லாவிட்டால் சில நிமிடங்களில் உலோகம் உலோகத்தைக் கடித்திருக்கும்.

இங்கேதான் ரின்னில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். '20 டபிள்யூ 50' என்பதிலுள்ள டபிள்யூ, 'வெயிற்', அதாவது எடை, என்று கராஜ்களில் அநேகர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. டபிள்யூ என்பது 'வின்ரர்', குளிர்காலம். எண்ணெயைத் தடிப்பின்படி தரம் பிரிக்கும் முறையை அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்களின் சங்கமான எஸ்.ஏ.ஈ. 1911இல் தொடங்கியது. குளிர்கால எழுத்து பின்னாளில் சேர்ந்தது. அவ்வெழுத்துக்கு முன்னுள்ள எண், உறைகுளிர் விடியலில் எஞ்சினைச் சுழற்ற எண்ணெய் இடங்கொடுக்குமா என்பதை மட்டுமே சொல்கிறது. 20 டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். 10 டபிள்யூவை 25 பாகை கீழே. 0 டபிள்யூவை 35 பாகை கீழே. பின்னுள்ள எண்ணோ எஞ்சின் சூடேறியபின், 100 பாகையில், எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் குறிப்பது. பாகுநிலையை அளக்கும் சென்ரிஸ்ரோக் என்ற அலகில், 20 என்ற தரம் 6.9 முதல் 9.3 வரை, 50 என்ற தரம் 16.3 முதல் 21.9 வரை. ஆகவே கொதிநீரின் உஷ்ணத்தில் ஒன்று மற்றதன் பாதித் தடிப்புக்கூட இல்லாதிருக்கலாம்.

பனங்கட்டிப் பாகு காய்ச்சும் தாய்மாருக்கு இது புதிதன்று. அடுப்பில் நீராக ஓடும் பாகு, ஆறினால் கரண்டியை விடாது. எல்லா எண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் ஒரே அளவில் இல்லை. உஷ்ணத்தால் எந்த எண்ணெய் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு சுட்டெண் வகுத்தார்கள். பென்சில்வேனியா எண்ணெய்க்கு நூறு, மெக்சிக்கோ வளைகுடாக் கரை எண்ணெய்க்குப் பூச்சியம். அந்த மாற்றத்தைக் குறைப்பதற்காக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலப்பார்கள். அவை குளிரில் நத்தைபோல் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெயைத் தடிக்கச் செய்யும். இவ்வாறு இரு எண்கள் கொண்ட எண்ணெய் 1950கள் முதல் பரவியது. அதற்கு முன் குளிர்நாட்டார் பருவத்துக்கொரு எண்ணெய் மாற்றினார்கள்.

சரி, இலங்கையில் யாருக்குக் குளிர்கால எண் வேண்டும்? நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியல்களில் உஷ்ணம் பூச்சியத்தை அணுகும். புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரிக்கும். அங்கேகூட 20 டபிள்யூ எண்ணெய்க்கு இன்னும் 15 பாகை இடமிருக்கிறது. குளிருக்கு அஞ்சி அதிலும் மெல்லிய எண்ணெய் வாங்க வேண்டிய மூலை இத்தீவில் இல்லை எனலாம். ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்பது கதையன்று. அங்கே தடித்த எண்ணெய் ஊற்றினால் காலையில் எஞ்சின் சுழலாது. சுழன்றாலும் எண்ணெய் மேலே ஏறுமுன் தேய்ந்துபோகும். மகன் அங்கே செய்வது முற்றும் சரி.

இதைக் கேட்டுவிட்டு, வீட்டிலுள்ள புதிய ஜப்பானியக் காருக்கும் தடித்த எண்ணெய் ஊற்றப் புறப்படுவோர் பொறுக்க வேண்டும். நம் வீதிகளில் இன்று ஓடும் கலப்பு எஞ்சின் கார்கள் பல, 0 டபிள்யூ 20க்கென்றே மிக நெருக்கமான இடைவெளிகளுடன் செய்யப்பட்டவை. எரிபொருளைச் சேமிப்பதே அங்கு நோக்கம். மாற்றம் செய்யாத வண்டிக்கு அதன் கைந்நூல் சொல்வதே வேதம். கைந்நூல் கைவிடுவது எஞ்சினை மாற்றியவர்களைத்தான். அவர்கள் தாங்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. எதை மாற்றினோம், அந்த மாற்றம் எண்ணெய்க்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

வழக்கில் நான் இப்படி மகனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவிருந்தேன். அப்போது பெரியவர் பெருமையோடு ஒரு வார்த்தை சொன்னார்: "இந்தக் காருக்கு ஒயில் குறைவதே இல்லை, மாஸ்டர். பார்த்தால் கொஞ்சம் கூடித்தான் இருக்கும்."

எழுபது வயதை நெருங்கும் எஞ்சினில் எண்ணெய் கூடுவதா? நான் கொட்டிலுக்குப் போனேன். மகன் வடித்த பழைய எண்ணெய் ஒரு கானில் இருந்தது. மூடியைத் திறந்ததும் அரிக்கன் இலாம்பின் மணம் வந்தது.

நடந்தது இதுதான். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்று, எரியாமல், சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. அடியிலுள்ள எண்ணெயுடன் கலக்கிறது. அளவுகோலில் மட்டம் ஏறுகிறது. வீட்டுக்காரர் மகிழ்கிறார். சில பங்கு கலந்தாலே எண்ணெய் ஒரு தரம் கீழிறங்கிவிடும். பெரியவர் ஊற்றியது என்னவோ 20 டபிள்யூ 50தான். ஓடிக்கொண்டிருந்தது எதுவென்று அவருக்குத் தெரியாது.

மாணவர்கள் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் செய்தோம். ஒரே அளவான மூன்று சிறு மருந்துப் போத்தல்களில் புதிய 20 டபிள்யூ 50, மகனுடைய 0 டபிள்யூ 20, கானிலிருந்த பழைய எண்ணெய் ஆகியவற்றை, கழுத்தருகே சற்று இடம் விட்டு நிரப்பி மூடினோம். மூன்றையும் ஒன்றாகக் கவிழ்த்தால் காற்றுக் குமிழ் மேலே ஏறும். தடித்ததில் மெதுவாகவும் மெல்லியதில் விரைவாகவும் ஏற வேண்டும். பழைய எண்ணெயின் குமிழ், 0 டபிள்யூ 20க்குச் சற்றே பின்னால் வந்தது. புதிய 20 டபிள்யூ 50இன் குமிழ் இன்னும் பாதி வழியில் நின்றது. பெரியவர் இரண்டாம் முறை கவிழ்க்கச் சொன்னார். மூன்றாம் முறை தாமே கவிழ்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "நீ ஒரு நாளிற் செய்ததை நான் ஒரு வருஷமாகச் செய்திருக்கிறேன்" என்றார். மூன்று நாட்களுக்குப் பின் அவர் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

எண்ணெயை வேண்டுமென்றே எரிபொருளால் இளக்கியவர்களும் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படையினரின் எஞ்சின்கள், எண்ணெய் உறைந்து சுழல மறுத்தன. அக்கால விமானங்களில் இதற்கு ஒரு வழி கைக்கொள்ளப்பட்டது. எஞ்சினை அணைக்குமுன் எண்ணெயிற் சிறிது பெற்றோலைக் கலந்துவிட்டால் மறுநாள் இலகுவாகக் கிளம்பும். சூடேறியதும் பெற்றோல் ஆவியாகி வெளியேறிவிடும். எண்ணெய் பழைய தடிப்புக்குத் திரும்பும். மண்ணெண்ணெயில் இந்தத் தந்திரம் பலிக்காது. அது கொதிக்கத் தொடங்குவதே ஏறக்குறைய 150 பாகையில். எஞ்சினின் அடித்தட்டு எண்ணெயோ 100 பாகையளவில்தான் இருக்கும். வந்த விருந்தாளி வீட்டிலேயே தங்கிவிடுகிறார்.

பின்பு எண்ணெய் தெரிந்தோம். சாதாரண 20 டபிள்யூ 50. விலை கூடிய செயற்கை எண்ணெய் வேண்டியதில்லை, ஏனெனில் அடிக்கடி மாற்றப்போகிற எண்ணெய்க்குப் பெரும் பணம் கொடுப்பது வீண். தரத்தைத் தவிர இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. ரின்னின் பின்புறத்தில் ஏ.பி.ஐ. என்ற குறியோடு இரண்டு எழுத்துக்கள் இருக்கும். முதலெழுத்து எஸ் ஆனால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி ஆனால் டீசலுக்கு. பழைய காரில் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தியிருப்போர் நம்மிடையே அநேகர். அவர்கள் காரின் பெயரை மறந்து எஞ்சினுக்குரிய எழுத்தைப் பார்க்க வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற பழைய எஞ்சின்களில் வால்வைத் தூக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்தே இயங்கும். அவற்றைக் காப்பது எண்ணெயிற் கலந்துள்ள நாகமும் பொஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்க்கை. புதிய கார்களின் புகைவடிகட்டியைப் பொஸ்பரஸ் கெடுப்பதால், மெல்லிய தரங்களில் அதன் அளவுக்கு உச்ச எல்லை வைத்திருக்கிறார்கள். 20 டபிள்யூ 50 அந்த எல்லைக்குள் வருவதில்லை. பழைய வண்டிக்கு இது இன்னொரு நன்மை.

எந்தக் கம்பனி என்று கேட்பீர்களானால், அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. குடாவின் அக்கரையில், சீனன்குடாவில், பிரித்தானியர் எழுப்பிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஒரு தாங்கி எரிந்தழிந்தது. திருகோணமலையிலேயே லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தின் உயவெண்ணெய் கலக்கும் ஆலையும் உண்டு. இவ்வளவும் நம் கண்ணெதிரே இருக்க, எழுத்தைப் படிக்காமல் ரின்னின் நிறத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குள்ள குறை.

எப்போது மாற்றுவது என்பதில்தான் விவாதம் நீண்டது. பெற்றோலில் ஓடினால் 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை போதும் என்றும், மண்ணெண்ணெயில் ஓடினால் 1,000க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும், மட்டம் ஏறினால் கணக்குப் பாராமல் வடித்துவிட வேண்டும் என்றும் நான் சொன்னேன். பெரியவர் ஒரு கடுதாசியில் கூட்டிக் கழித்தார். மண்ணெண்ணெயில் மிஞ்சும் பணத்தில் பெரும்பகுதியை எண்ணெய் தின்றுவிடும் என்று கண்டபின்பும், அதை அடியோடு விட அவருக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் ஐந்து வருஷம் காப்பாற்றிய எரிபொருள் அல்லவா? ஈற்றில் தாயார் தீர்த்துவைத்தார்: "ஆசுபத்திரிக்குப் போகிற நாளில் பெற்றோல். உங்கள் விளையாட்டெல்லாம் மற்ற நாளில்." வடித்த எண்ணெயைக் கிணற்றடி மணலில் ஊற்றக்கூடாது என்பதையும் அவரே சொன்னார்; எங்கள் மண்ணில் ஊற்றியது கிணற்றுக்குப் போக நெடுநாள் ஆகாது.

மகன் ஊற்றியதில் மீந்த அரை ரின் 0 டபிள்யூ 20 வீட்டில் இருக்கிறது. பெரியவர் அதைச் சைக்கிள் சங்கிலிக்கும் பாக்குவெட்டிக்கும் விடுகிறார். கதவுப் பிணைச்சல்கள் சத்தமின்றித் திறக்கின்றன. அடுத்த தையில் ரொறன்ரோவிலிருந்து மகன் பேசினாராம். அன்று காலை பூச்சியத்துக்குக் கீழே 22 பாகையாம். கார் முதல் முறுக்கிலேயே கிளம்பியதாம். பெரியவர் அன்று மாலை படலைக்கு வந்து இதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, தம் வீட்டிலும் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்துதான் இருந்தது என்றார்.